கழுத்து ஆபரேஷனுக்குத் தான எலும்பு: வாங்கலாமா, எதைப் பார்க்க வேண்டும்?

கழுத்து ஜவ்வு விலகி நரம்பை அழுத்தினால், முன்கழுத்து வழியாக ஜவ்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலும்புத் துண்டை வைத்து ஒட்டவைக்கிறார்கள். ஒரே ஒரு தளம்தான் (ஒரே ஒரு ஜவ்வு இருந்த இடம்), முன்னால் உலோகப் பிளேட்டும் போடுகிறார்கள் என்றால் எலும்பு வங்கியின் தான எலும்பையே, அதாவது இன்னொருவர் தானமாகத் தந்த எலும்பையே, தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நம் சொந்த இடுப்பெலும்பை வெட்டி எடுக்கும் காயமும், அது மாதக்கணக்கில் தரும் வலியும் மிச்சம்.

ஆனால் தான எலும்பில் உயிருள்ள செல் இல்லை. நம் எலும்புதான் மெல்ல உள்ளே வளர்ந்து அதைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டு பிடிக்கலாம். மூன்று தளம் என்றால் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடும். அங்கே சொந்த எலும்பைப் பற்றியும் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் எலும்பை உறையவைத்து உலர்த்தி, காமா கதிரால் கிருமி நீக்கித் தருகிறது. வழக்கமான கதிர் அளவு 25 கிலோகிரே (கதிரை அளக்கும் அலகு); அதற்கு மேல் போகப் போக எலும்பின் பலம் குறையும். உலர்ந்த துண்டை உப்புநீரில் போதுமான நேரம் ஊறவைக்காமல் தட்டி இறக்கினால் விரிசல் விடும். பாக்கெட்டில் வங்கியின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி இருக்கும். அந்த ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள், நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டின் விலையை விட அதை உட்காரவைக்கும் விதம்தான் பலனைத் தீர்மானிக்கிறது. முள்ளெலும்பின் மேல் இருக்கும் குருத்தெலும்பை முழுக்கச் சுரண்டி, புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும் அளவில் நிறுத்த வேண்டும். குருத்து மிச்சமிருந்தால் ஒட்டாது. கெட்டியான மேலோட்டையே உடைத்துவிட்டால் துண்டு உள்ளே புதையும். உயரம் பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ. தேவைக்கு மேல் உயரமாகத் திணித்தாலும் புதையும், பின்கழுத்தும் வலிக்கும்.

அடுத்தது நம் பங்கு. பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு அடக்கும் புகையிலையிலும் அதே நிக்கோடின்தான். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே விட்டு, எலும்பு ஒட்டும்வரை தொடவே கூடாது. மூன்று மாதச் சர்க்கரை அளவையும் வைட்டமின் டி-யையும் முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விழுங்கச் சிரமம் சில வாரம் இருக்கலாம். கழுத்து வீங்கி மூச்சு திணறினால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களுக்குக் கை வலி போனதும் வேலைக்குத் திரும்பத்தான் தோன்றும். வலி போனது நரம்பு விடுபட்டதால். எலும்பு இன்னும் ஒட்டியிருக்காது. ஒட்டியதா என்பதைப் படம்தான் சொல்லும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் உள்ளூரிலேயே எக்ஸ்ரே எடுத்து வருபவர்கள் பக்கவாட்டில் இரண்டு படம் கேளுங்கள்: கழுத்தைக் குனிந்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று. டாக்டர் அனுமதித்த பிறகே கழுத்தை அப்படி அசைக்க வேண்டும். பின்முட்களுக்கு (முள்ளெலும்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்கு) இடையே அசைவு 1 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் நல்ல அறிகுறி. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன்.