பார்பெல் ரோவா, பெஞ்சில் கவிழ்ந்து இழுக்கும் டம்பெல் ரோவா?

வேலூர் சத்துவாச்சாரியில் நான் போகும் ஜிம் ஒன்றும் பெரிய இடம் இல்லை. பாரைத் தாங்கும் ராக் ஒன்று, இரண்டு பார், சாய்வை மாற்றுகிற மாதிரி ஒரே ஒரு பெஞ்ச். முதுகுக்கு என்ன செய்வது என்று யார் கேட்டாலும் மாஸ்டர் சொல்வது பார்பெல் ரோதான், அதாவது குனிந்து நின்று எடை மாட்டிய பாரை வயிற்றுக்கு இழுப்பது. நானும் எட்டு மாதம் அதையே செய்தேன். இப்போது இரண்டு மாதமாக, சாய்த்த பெஞ்சில் நெஞ்சை வைத்துக் கவிழ்ந்து டம்பெல் ரோ.

பார்பெல் ரோ சரியாக வந்தால் அருமை. இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, பாரை வயிற்றுக்கு இழுக்கும்போது லேட்ஸ் (முதுகின் இரு பக்கமும் உள்ள பெரிய தசை), தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசை, பின்தோள், பைசெப்ஸ் எல்லாம் வேலை செய்யும். அது போதாதென்று கீழ்முதுகும் பின்தொடையும் செட் முடியும்வரை உடம்பைத் தாங்கிக்கொண்டே நிற்கும். சிக்கலும் அங்கேதான். எனக்குத் திங்கட்கிழமை பாரைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், புதன்கிழமை ரோ, நடுவில் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் பைக் குலுக்கல் வேறு. ஐந்தாவது முறை (ரெப்) இழுக்கும்போதே இடுப்பு கெஞ்சும், மேல்முதுகிலோ பாதித் தெம்பு அப்படியே இருக்கும். 50 கிலோவிலிருந்து 60க்கு ஏறியதும் என்னை அறியாமல் நிமிர்ந்துவிட்டேன். நண்பன் எடுத்த வீடியோவைப் பார்த்தால் அது ரோவும் இல்லை, தோளை மட்டும் உயர்த்தும் ஷ்ரக்கும் இல்லை, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி ஒரு வெட்டு இழுப்பு.

பெஞ்சில் அந்தத் திருட்டுத்தனம் நடக்காது. சாய்வை 30 டிகிரி அளவில் வைத்துக் கவிழ்ந்தேன், முதல் நாள் கைக்கு 15 கிலோவைத் தாண்ட முடியவில்லை, மானம் போயிற்று. ஆனால் மறுநாள் வலித்தது இடுப்பு இல்லை, தோள்பட்டைகளுக்கு நடுவில். முழங்கையை இடுப்புப் பக்கம் ஒட்டி இழுத்தால் லேட்ஸ், அகட்டி இழுத்தால் மேல்முதுகு.

குறையும் உண்டு. நெஞ்சு அமுங்குவதால் மூச்சு திணறும், தோசை சாப்பிட்டுவிட்டுப் போனால் தொலைந்தீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பெஞ்சின் ரெக்சின் உறை சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஜிம்மில் 25 கிலோவுக்கு மேல் டம்பெல் ஜோடியாக இல்லை, நான் அங்கே போய்ச் சேர இன்னும் நாள் ஆகும் என்பது வேறு விஷயம்.

இதே சத்துவாச்சாரிக்காரர், பளுதூக்கும் வீரர் சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஒரே வீச்சில் தூக்கும் ஸ்னாட்சில் 149 கிலோ, இரண்டு கட்டமாகத் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ என்று தூக்கித் தங்கம் வாங்கினார். அதனால் இங்கே தரையிலிருந்து பாரைத் தூக்காதவனை யாரும் மதிப்பதில்லை. குனிந்த நிலையில் முதுகை இறுக்கிப் பிடிக்கப் பழக பார்பெல் ரோ உதவும்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் சனிக்கிழமை மட்டும் 40 கிலோவில், நிமிராமல், எட்டு எட்டாக மூன்று செட். முதுகை வளர்க்கிற வேலையைப் பெஞ்சிடம் கொடுத்துவிட்டேன்.

மாலை ஆறரைக்கு மேல் போனால் சாய்ந்து படுத்து எடையை மேலே தள்ளும் இன்க்ளைன் பிரஸ் கூட்டம் அந்தப் பெஞ்சை விடாது. காலையிலேயே போய்விடுங்கள், கையில் ஒரு துண்டோடு.