ஒன்றரை லட்சம் மைல் ஓடிய பெரிய பிக்கப்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் மைல் (சுமார் 2,40,000 கி.மீ.) தாண்டிய ஃபுல் சைஸ் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள பெரிய வண்டி) என்றால் பேச்சு நான்கு பெயர்களைத்தான் சுற்றி வரும்: ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா. ஜிஎம்சி சியரா சில்வராடோவின் உடன்பிறப்பு, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 2011 முதல் 2017 வரை வந்த 5.0 லிட்டர் வி8 எஃப்-150தான் முதல் தேர்வு. துருப்பிடிக்காத 5.7 லிட்டர் டன்ட்ரா கிடைத்து, கேட்கும் கூடுதல் விலையும் கட்டுப்படியானால் அது இன்னும் மேல். 2004–2008 எஃப்-150இல் 5.4 லிட்டர் இன்ஜின் இருந்தால் சும்மா கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

ஆனால் மாடலைவிட முக்கியம், வண்டி எப்படி ஓடியது, எங்கே ஓடியது என்பது. ஓடோமீட்டர் பாதிக் கதைதான் சொல்லும். மீதி இன்ஜின் ஹவர்ஸில், அதாவது இன்ஜின் ஓடிய மொத்த மணிகளில், இருக்கிறது. இந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டு மெனுவிலேயே அது வரும். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 1,80,000 மைல், 4,500 மணி என்றால் சராசரி 40 மைல் வேகம், அதாவது பெரும்பாலும் ஹைவேயில் ஓடிய வண்டி. 1,20,000 மைல், 6,000 மணி என்றால் சராசரி 20தான். வேலைத்தளத்தில் ஏசி போட்டு மணிக்கணக்கில் நின்ற வண்டி அது. ரீடிங் குறைவு என்று இரண்டாவதற்கு அதிக விலை கேட்பார்கள். எடுக்க வேண்டியது முதல் வண்டியை.

அடுத்தது துரு. மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு ஃபிரேமை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, உள்ளிருந்து தின்னும். இன்ஜினை மாற்றலாம், ஃபிரேம் போனால் வண்டியே போச்சு. டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். ஸ்டெப்னி தொங்கும் இடத்தின் குறுக்குச் சட்டம், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பின் சக்கரத்துக்கு மேலே ஃபிரேம் வளையும் பகுதி ஆகிய மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு ‘டொப்’ என்று செத்த சத்தம் கொடுத்து, கையளவு செதில் உதிர்க்கும். மேலாகப் படிந்த செந்துரு பரவாயில்லை, செதிலாக உரிந்தால் வேண்டாம். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த மாதிரிப் பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சைக் (அண்டர்கோட்டிங்) கண்டால் சந்தேகம் இரண்டு மடங்காகட்டும்.

டன்ட்ராவில் இந்தச் சோதனையை விடவே கூடாது. 2000–2003 வண்டிகளின் ஃபிரேம் துருவுக்கு டொயோட்டா ரீகால் செய்தது, அதாவது குறையை இலவசமாகச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. 2007–2008 வண்டிகளுக்கு வழக்கில் சமரசமாகி ஃபிரேம் மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது, ஆகவே இப்போது வாங்குபவர் பாடுதான். 2015-க்குப் பிந்தைய எஃப்-150க்கு அலுமினிய பாடி, துருவே வராது என்பார்கள். பாடிதான் அலுமினியம், ஃபிரேம் இரும்புதான். பழைய சில்வராடோவில் பிரேக் லைன்களையும் கையால் தடவிப் பாருங்கள். உப்பு மாநிலத்து வண்டியில் அவைதான் முதலில் அரித்து ஒழுகும்.

வண்டி பார்க்கப் போகுமுன் ‘இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். பெரிய செலவுகள் பல, குளிர்ந்த இன்ஜினின் முதல் பத்து நொடியில் காதுக்கு வந்துவிடும்.

ராமின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினில் இது நன்றாகத் தெரியும். ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் பகுதி) போல்ட் உடைந்திருக்கும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் சத்தம் நிற்கிறது. விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம். சூடான பிறகும் அதே சத்தம் இருந்தால் லிஃப்டர் (கேம்ஷாஃப்ட் சுழலும்போது வால்வைத் தள்ளித் திறக்கும் பகுதி) ரோலர் தேய்ந்து கேம்ஷாஃப்டைச் சுரண்டுகிறது என்று பொருள். கேம், லிஃப்டர் மாற்றவே சில ஆயிரம் டாலர் ஆகும். இந்த இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் மட்டும் பதினாறு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சில்வராடோ 5.3இலும் லிஃப்டர்தான் வியாதி. 2007-இலிருந்து பரவலாக வந்த, பெட்ரோல் மிச்சம் பிடிக்க நான்கு சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடுதான் காரணம். நிற்பவை 1, 4, 6, 7. ஸ்கேனரில் பி0301, பி0304, பி0306, பி0307 ஆகிய மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாத) குறியீடுகளில் ஒன்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சிலிண்டரின் லிஃப்டரை. ஓபிடி சாக்கெட்டில் (டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் செருகும் இடம்) மாட்டும் டிசேபிளர் இந்த ஏற்பாட்டை நிறுத்தி வைக்கும். நல்ல லிஃப்டரைக் காப்பாற்றும், கெட்டதைத் திருத்தாது. 2007–2013 வண்டிகள் ஆயிலும் குடிக்கும், டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

ஃபோர்டின் 5.4 கதை வேறு. ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கீழ்த்துண்டு கரி பிடித்து ஹெட்டிலேயே இறுகிவிடும். கழட்டும்போது உடைந்து உள்ளே நின்றுகொள்ளும், அதை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். சூடான பின் ஐடிலில் டீசல் வண்டி மாதிரித் தட்டினால் கேம் ஃபேசர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பகுதி) போயிருக்கும். செயின் டென்ஷனர் சீல் கிழிந்து ஆயில் பிரஷர் இறங்குவதும் இதோடு சேர்ந்தே வரும். ஃபேசரை மட்டும் மாற்றினால் நோய் திரும்பும். செயின், கைடு, டென்ஷனர், ஆயில் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குள் வண்டியின் விலையே கரைந்துவிடும்.

5.0இல் அந்தத் தொல்லைகள் இல்லை. 2011–2013 வண்டிகளில் கியர் திடீரென முதலாவதுக்கு விழும் குறை ரீகாலுக்கு வந்தது. வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால் அந்த வேலை முடிந்ததா என்று இலவசமாகத் தெரியும். 2018-இல் 5.0க்குப் பத்து கியர் பெட்டி வந்தது, முரட்டுத்தனமாகக் கியர் மாற்றும் புகாரும் ஆயில் குடிக்கும் புகாரும் கூடவே வந்தன. 2017-ஓடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான். டர்போ உள்ள 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின் இழுவையில் கெட்டிக்காரன். ஆனால் ஆயில் மாற்றிய ரசீது இல்லாத 2011–2014 வண்டி என்றால் டைமிங் செயின் தளர்ந்திருக்கும் அபாயம் உண்டு.

டன்ட்ரா 5.7 நீண்ட நாள் உழைக்கும். ஹெட்டின் பின்பக்கம் கேம் டவரில் ஆயில் கசியும். லேசான ஈரம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். எக்ஸாஸ்டுக்குக் காற்று ஊதும் பம்ப் கெட்டால்தான் டீலர் பில் 2,000 டாலரைத் தாண்டும். நான்கு சக்கர ஓட்டமுள்ள மாடலுக்கு மைலேஜ் கேலனுக்கு நகரில் 13 மைல், ஹைவேயில் 17. இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் பின்னால் புலம்புவதில்லை.

டெஸ்ட் டிரைவ் இருபது நிமிடத்துக்குக் குறையக் கூடாது. டிரான்ஸ்மிஷன் சூடேறிய பிறகு 40–50 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதியுங்கள். ரோட்டோரக் கோடுகள் மேல் ஏறியது போல் ‘கடகட’ என்று அதிர்ந்தால் டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் பகுதி) கோளாறு. 2015–2019 சில்வராடோவின் எட்டு கியர் பெட்டியில் இந்த அதிர்வு ஆயில் மாற்றியே சரியாவதும் உண்டு. நான்கு சக்கர ஓட்டத்தை மண் அல்லது சரளையில் போட்டுப் பாருங்கள், தாரில் போட்டுத் திருப்பாதீர்கள். எஃப்-150இல் இரண்டு சக்கரத்தில் போகும்போதே முன்சக்கரத்தில் கரகரப்புக் கேட்டால் முன்சக்கரத்தை விடுவித்து வைக்கும் வேக்குவம் ஒழுகலாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் சின்னச் செலவு.

டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, டேஷ்போர்டுக்குக் கீழே டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் திருகிய ஓட்டை இருக்கிறதா, பின் சரக்குத் தட்டில் ஃபிஃப்த் வீல் (பெரிய டிரெய்லர் மாட்டும் கொக்கி) போல்ட் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்து, ‘டிரெய்லரே இழுத்ததில்லை’ என்று விற்பவர் சொன்னால் அவர் சொல்லும் மற்றதையும் அதே தராசில் போடலாம்.

கடைசியாக 30 டாலர் ஓபிடி ரீடர். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், ரெடினஸ் மானிட்டர்களை (வண்டிக் கணினி தன் சுய சோதனைகளை முடித்ததா என்று காட்டுபவை) திறந்து பாருங்கள். பல ‘நாட் ரெடி’ என்று நின்றால் பழுதுக் குறியீடுகளை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழட்டியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் தனி மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிக் காட்டுங்கள், பொதுவாக 100 முதல் 250 டாலர் ஆகும். பேரம் படிந்தாலும் டயர், பிரேக், எல்லா ஆயிலும் மாற்ற 2,000 டாலராவது தனியே ஒதுக்கி வைத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.