கராஜ் கதவு ரிப்பேருக்கு 1,740 டாலர்: நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எடிசன், ஐஸ்லின், மன்ரோ பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய நம் குடும்பங்களில் பலருக்கு வாசல் கதவைவிட அதிகம் புழங்குவது கராஜ் கதவுதான். அது தூக்காமல் நின்றால் கார் உள்ளே மாட்டிக்கொள்ளும். அவசரத்தில் போனை எடுத்துத் தேடுவோம், மேலே வருகிற விளம்பரத்தைத் தொடுவோம். அப்படி வந்த ஒரு ஆளுக்கு எங்கள் வீட்டில் 1,740 டாலர் கொடுத்தோம். கொடுத்த பிறகும் கதவு ஆபத்தான நிலையில்தான் இருந்தது. பணத்தைவிட அதுதான் என்னை எழுத வைக்கிறது, ஏனென்றால் அந்தக் கதவுக்குக் கீழேதான் என் பிள்ளைகள் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஜனவரி மாதம், கடும் குளிர். காலையில் கராஜுக்குள் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பட்டனை அழுத்தினால் கதவு அரையடி எழும்பி நின்றுவிட்டது, அப்புறம் இறங்கிவிட்டது. கதவுக்கு மேலே ஒரு இரும்புத் தண்டில் இரண்டு பெரிய ஸ்பிரிங் சுற்றியிருக்குமே, அதில் ஒன்று நடுவில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் பிளந்து கிடந்தது. கணவர் ஆபீஸ் போய்விட்டார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு அன்றைக்குக் கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட்.

விளம்பரத்தில் சர்வீஸ் விசிட் 29 டாலர் என்று இருந்தது. போனை எடுத்தவர் "கராஜ் டோர் சர்வீஸ்" என்று மட்டும் சொன்னார். கம்பெனி பெயர் கேட்டதற்கு "நாங்கள் எல்லா ஏரியாவுக்கும் வருவோம்" என்று பதில். வந்த வெள்ளை வேனில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை.

வந்தவர் ஸ்பிரிங்கை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. மிச்ச நேரமெல்லாம் ரோலர், கீல், பேரிங், கேபிள் என்று ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டி "இதுவும் போச்சு, அதுவும் போச்சு" என்றார். ஸ்பிரிங் மட்டும் மாற்றுங்கள் என்றேன். அப்பா பக்கம் கையைக் காட்டி, "மிச்சத்தை விட்டுவிட்டால் அடுத்த வாரம் இவர் மேலே கதவு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை" என்றார். டேப்லெட்டில் 2,300 டாலர் காட்டினார். பிறகு வெளியே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, இப்போதே ஒத்துக்கொண்டால் 1,740 என்றார். "என்னம்மா, ஒரு ஸ்பிரிங்குக்கா இவ்வளவு?" என்று அப்பா தமிழில் கேட்டார். வயதானவரைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் வாங்குவதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அப்பா போக்குவரத்துக் கழக டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்க்காமல் விடமாட்டார். அந்த ஆள் பழைய ஸ்பிரிங்குகளை வேனில் ஏற்றப் போனபோது, "அதை இங்கேயே வைக்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூலையில் போட்டுவிட்டுப் போனார். பின்னால் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

சில வாரங்களிலேயே ஓப்பனர், அதாவது கதவைத் திறந்து மூடும் மோட்டார், முனக ஆரம்பித்தது. மூடும்போது கதவு கடைசி ஓரடியில் தொப்பென்று தரையில் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் பல வருடங்களாகக் கூப்பிடும் ஒரு டெக்னீஷியனை வரச் சொன்னோம். அவர் முதலில் கதவை முழுதாக மூடினார். ஓப்பனரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டார் இணைப்பைக் கழற்றினார். கையால் கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெதுவாகப் பிடியைத் தளர்த்தினார். கதவு நிற்கவில்லை, கனமாகக் கீழே இறங்கியது, கையால் தாங்கிக்கொண்டார். ஸ்பிரிங் சரியாக இருந்தால் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும் என்றார்.

அடுத்து இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கும் கூம்பில் மாற்றி மாற்றிச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கை இறக்கினார். முறுக்கு முழுதாக இறங்கியதும் டேப்பை வைத்து, ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் இருபது சுற்றுகளின் நீளத்தை அளந்தார். புது ஸ்பிரிங்கில் நாலரை அங்குலம். அப்பா மூலையிலிருந்து பழைய துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் இருபது சுற்று சரியாக ஐந்து அங்குலம். அதாவது பழைய கம்பியின் தடிமன் கால் அங்குலம், புதியது அதில் பத்தில் ஒரு பங்கு குறைவு. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் மற்ற அளவுகள் அதேபோல இருந்து கம்பி மட்டும் இவ்வளவு மெலிந்தால், அதே முறுக்குக்குக் கிடைக்கும் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்கள் கதவு இரண்டு கார் அகலம், உள்ளே இன்சுலேஷன் வைத்த ஸ்டீல் கதவு, எடை 150 பவுண்டுக்கு மேல். வேனில் எந்த ஸ்பிரிங் இருந்ததோ அதை மாட்டிவிட்டு, குறைந்த விசையை ஈடுகட்டக் கூடுதலாக முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அப்படி முறுக்கிய ஸ்பிரிங் சீக்கிரம் உடையும்.

பில்லில் "புது பேரிங்" என்று எழுதியிருந்த இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். துருப்பிடித்த பழைய பேரிங்தான் இருந்தது. சரியான அளவில் இரண்டு ஸ்பிரிங், இரண்டு கேபிள், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து இவர் வாங்கியது 460 டாலர்.

நான் இதிலிருந்து தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம், கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை, ஸ்பிரிங் என்பது. மோட்டார் சும்மா தள்ளிவிடும் வேலைதான் செய்கிறது. சாதாரண ஸ்பிரிங் பத்தாயிரம் தடவை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுவது. ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடம் வரும். நாலு பேர் இருக்கும் வீட்டில், எல்லோரும் கராஜ் வழியாகவே போய்வந்தால், இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே ஸ்பிரிங் உடைவது சாதாரணத் தேய்மானம். "மொத்தக் கதவும் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. இரண்டும் ஒன்றாக மாட்டியவை என்பதால் ஒன்று உடைந்தால் மற்றதையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள், அது நியாயமானதுதான். கேபிள் இழை பிரிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மற்ற எதைச் சொன்னாலும் தேய்ந்த இடத்தைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

ஆள் கூப்பிடாமல் தொடவே கூடாத நிலைமைகள் இருக்கின்றன. ஸ்பிரிங்கில் பிளவு தெரிந்தால், பக்கத்தில் ஓடும் கேபிள் தளர்ந்து தொங்கினால், கதவு ஒரு பக்கம் சாய்ந்து கோணலாக ஏறினால், ரோலர் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்திருந்தால், கதவு தானாகக் கனத்து இறங்கினால், பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், மோட்டார்தான் வீணாகும். இன்னொன்று, கதவு பாதியிலோ மேலேயோ நிற்கும்போது சிவப்புக் கயிற்றை இழுக்கவே இழுக்காதீர்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் முழு எடையும் ஒரே மூச்சில் கீழே வரும். கதவு முழுதாக மூடியிருக்கும்போது மட்டும்தான் அந்தக் கயிறு.

வீடியோ பார்த்து ஸ்பிரிங்கை நாமே மாற்றலாம் என்று கிளம்புகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங்கில் இருக்கும் விசை கதவின் எடையையே தூக்குகிற விசை. ஸ்குரூடிரைவரைச் செருகித் தளர்த்தப் பார்த்தால் அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டின் போல்ட்டும் அப்படித்தான், அதையும் கழற்றக் கூடாது.

ஆனால் காசு கொடுக்கத் தேவையே இல்லாத கோளாறுகளும் நிறைய. கதவு மூடப் போய்த் திரும்ப மேலே ஏறி, ஓப்பனர் விளக்கு கண் சிமிட்டினால் பெரும்பாலும் சென்சார்தான். 1993 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாரான வீட்டு ஓப்பனர்களில், கதவுக்கு அடியில் யாராவது சிக்கினால் கதவு திரும்ப மேலே போகும் பாதுகாப்பு கட்டாயம். அதற்காகத்தான் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இரண்டு பக்கமும் கண் மாதிரி அந்தச் சென்சார்கள் இருக்கின்றன. ஒன்றை விளக்குமாறு இடித்துத் திருப்பியிருக்கும், அல்லது ஒட்டடை மூடியிருக்கும். துணியால் துடைத்து, இரண்டும் நேருக்கு நேர் பார்க்கும்படி திருப்பினால் போதும். ரிமோட் வேலை செய்யாமல் சுவரில் இருக்கும் பட்டன் வேலை செய்தால் ரிமோட் பேட்டரி, அல்லது சுவர்ப் பட்டனில் லாக் ஆகியிருக்கும். பனி உருகி உறைந்து அடி ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டாலும் கதவு தூக்காது, அங்கே ஐஸைத்தான் உடைக்க வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் கீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் கராஜ் கதவுக்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடியுங்கள்.

நம் வீடுகளில் பகலில் பெற்றோர் மட்டும் இருப்பார்கள், ரிப்பேர் ஆள் வரும் நேரம் அவர்கள்தான் கதவைத் திறப்பார்கள். அவர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், டேப்லெட்டில் விரல் வைக்க வேண்டாம் என்று. போனிலேயே கம்பெனியின் முழுப் பெயரையும் நியூ ஜெர்சி பதிவு எண்ணையும் கேளுங்கள். 13விஹெச் (13VH) என்று தொடங்கும் அந்த எண் இல்லாமல் இங்கே வீட்டு ரிப்பேர் வேலை எடுக்கக் கூடாது. மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவின் தளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். கதவின் அகலம் உயரம் சொல்லி, இரண்டு ஸ்பிரிங் மாற்றக் கூலியோடு எவ்வளவு என்று கேளுங்கள். நேர்மையானவர் சுமாராகவாவது ஒரு தொகை சொல்வார். "வந்து பார்த்தால்தான் தெரியும்" என்பதைத் தவிர வேறு பதிலே வராவிட்டால் அடுத்த நம்பருக்குப் போய்விடுங்கள். ஆயுள் முழுக்க கேரண்டி என்றால் அது பாகத்துக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். எங்கள் பில்லில் ஆயுள் கேரண்டி என்று பெரிதாக இருந்தது, கூலி சேராது என்பது கீழே பொடி எழுத்தில்.

இந்த மாநிலத்தில் 500 டாலருக்கு மேல் போகும் வீட்டு வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதில் பதிவு எண் இருக்க வேண்டும், நகல் கைக்கு வந்த பிறகு மூன்றாவது வேலை நாள் நள்ளிரவுக்குள் ரத்து செய்யும் உரிமையும் நமக்கு உண்டு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு குறுஞ்செய்தி ரசீது, அதில் ஒரு பெயரும் தொகையும்தான். கார் உள்ளே மாட்டினாலும் ஒரு நாள் டாக்ஸியில் போய்வந்து இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்க அவகாசம் இருக்கிறது. அன்றைக்கு அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனது டாக்ஸிதான்.

கார்டில் கட்டியிருந்ததால் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறோம். ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது டெக்னீஷியன் ஸ்பிரிங் அளவையும் மாற்றப்படாத பேரிங்கையும் குறித்து எழுதிக் கொடுத்தார், படங்களோடு அதையும் அனுப்பினோம். தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைத்திருக்கிறார்கள், எதிர்த்தரப்பு டேப்லெட்டில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டி மறுத்திருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. நுகர்வோர் விவகாரப் பிரிவிலும் தனியாகப் புகார் பதிவு செய்திருக்கிறோம். பெயரில்லாத வெள்ளை வேன், 29 டாலர் விளம்பரம், மேனேஜரிடம் பேசிக் குறைத்த விலை என்று உங்களுக்கும் நடந்திருந்தால் ரசீதையும் விளம்பரத்தில் இருந்த நம்பரையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் அங்கே ஒரு புகார் கொடுங்கள்.