‘அருவருப்பு’ என்ற சொல்லை என்ன செய்வது? நான்கு பதில்கள், பக்கத்தில் பக்கத்தில்

என் சித்தி மகனுக்கு வயது பத்தொன்பது. போன வருஷம் ஒரு ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு பாட்டியின் கறுப்பு அட்டை பைபிளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தான். ஆணோடு ஆண் உறவுகொள்வதை ‘அருவருப்பு’ என்கிற லேவியராகமம் 20:13-ல் விரலை வைத்து, “அக்கா, இது என்னைப் பத்தித்தானா?” என்று கேட்டான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை வெட்டிக் குறைத்ததிலிருந்து அவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் நீதிமன்றம் திருத்தியது ஆங்கிலேயர் எழுதிய சட்டத்தை. பாட்டியின் பைபிளில் அந்த வசனம் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கப்புறம் இதைத் தேடிப் படித்தேன். நம்பிக்கையை விடாமல் இந்த வசனங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சொல்வதெல்லாம் ஏறக்குறைய நான்கு பதில்களுக்குள் அடங்கிவிடும். மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிற பதில் எது என்பதை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

முதல் பதில் நம் சபைகளில் அதிகம் கேட்பது: பாவத்தை வெறு, பாவியை நேசி. கத்தோலிக்கத் திருச்சபையின் 1992 மறைக்கல்வி நூல் இதைக் கவனமாகவே சொல்கிறது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது, ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பாலுறவு இல்லாமல் கற்பு நெறியில் வாழ வேண்டும் என்கிறது. 2023 டிசம்பர் 18-ல் வத்திக்கான் இப்படிப்பட்ட ஜோடிகளுக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது, அது திருமணம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. இந்தப் பதிலில் ஒரு நேர்மை இருக்கிறது, வசனத்தை வளைக்கவில்லை. அப்படித்தான் நானும் நினைத்தேன், அந்த வசனத்தை முழுசாகப் படிக்கும்வரை. ‘அவ்விருவரும் கொலைசெய்யப்படக்கடவர்கள்’ என்று போகிறது அது. எங்கள் சபையில் ஒருவர்கூட அதைக் கேட்க மாட்டார். அதாவது பாதி வசனத்தை அவர்கள் ஏற்கெனவே கீழே வைத்துவிட்டார்கள். சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று உபாகமம் 23:19 சொல்கிறது, நம் எல்லாருக்கும் வங்கியில் டெபாசிட் இருக்கிறது. விவாகரத்து பண்ணி மறுமணம் செய்வதை லூக்கா 16:18-ல் இயேசுவே விபசாரம் என்கிறார்; அப்படி மறுமணம் செய்தவர்களுக்கு எத்தனையோ புராட்டஸ்டண்ட் சபைகளில் இடம் உண்டு. அங்கெல்லாம் காட்டுகிற இரக்கம் இங்கே வரும்போது மட்டும் ‘வசனம் வசனம்தான்’ என்று மாறுகிறது. விலை முழுவதையும் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பதில்: வசனம் அதைச் சொல்லவே இல்லை, மொழிபெயர்ப்பில்தான் கோளாறு. எனக்கு ரொம்பப் பிடித்த பதில் இது, அதனாலேயே அதிக நேரம் இதில் செலவழித்தேன். தேவராஜ்யத்தில் இடமில்லாதவர்களைப் பட்டியலிடும் 1 கொரிந்தியர் 6:9-ஐ நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள். ‘சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று இரண்டு பேர் வருகிறார்கள். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘மலாகோய்’. நேர்ப்பொருள் ‘மென்மையானவர்கள்’, அவ்வளவுதான். இதே சொல் மத்தேயு 11:8-ல் துணிக்கு வருகிறது. அங்கே நம் பைபிள் ‘மெல்லிய வஸ்திரம்’ என்று சரியாகவே போட்டிருக்கிறது. ஒரே சொல் ஒரு பக்கத்தில் மெல்லிய துணி, இன்னொரு பக்கத்தில் சுயபுணர்ச்சி. இதைப் பார்த்த அன்று இரண்டு பக்கங்களிலும் விரலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தேன். 1946-ல் அமெரிக்காவில் வந்த ஒரு திருத்திய மொழிபெயர்ப்போ இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து ‘ஹோமோசெக்ஷுவல்ஸ்’ என்று போட்டது; 1971 பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். தன்பாலுறவுக்காகத்தான் தேவன் அழித்தார் என்று சொல்லப்படும் சோதோம் ஊரின் கதையும் இப்படித்தான். அந்த ஊரின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 வாயைத் திறந்தே சொல்கிறது: கர்வம், வயிறு நிறைந்த சுகவாழ்வு, எளியவனுக்குக் கை கொடுக்காதது.

ஆனால் இந்தப் பதில் முழுத் தூரமும் வராது. இரண்டாவது சொல்லான ‘ஆர்செனொகொய்தாய்’ இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு முந்தைய எழுத்து எதிலும் நமக்குக் கிடைக்கவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 20:13-ல் ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன; அவற்றை ஒட்டி உருவான சொல் இது என்றுதான் நிறைய அறிஞர்கள் நினைக்கிறார்கள். படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ‘அப்போ இறால் சாப்பிடுறதும் அருவருப்புதானே’ என்று இணையத்தில் சண்டை போடுகிறவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் லேவியராகமம் 11-ல் இறாலுக்கு வரும் எபிரெயச் சொல் வேறு, 20:13-ன் தடையையே சொல்லும் 18:22-ல் வருவது வேறு. (18:22-ல் இருக்கும் சொல் உபாகமம் 14:3-ல் உணவுக்கு வருகிறது, ஆதியாகமம் 43:32-ல் எபிரெயரோடு ஒரே பந்தியில் சாப்பிட எகிப்தியருக்கு இருந்த அருவருப்புக்கும் வருகிறது. வாதம் பண்ணுவதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.) ரோமர் 1:26-27-ஐ இலக்கணத்தால் கரைக்கவே முடியாது. ‘சுபாவத்துக்கு விரோதம்’ என்று பவுல் அங்கே சொல்கிறார், கண்டித்துத்தான் சொல்கிறார். அதே பவுல் ரோமர் 11:24-ல், தேவன் புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவர்களை, காட்டொலிவ மரத்திலிருந்து வெட்டி நல்ல மரத்தில் ஒட்டவைத்ததையும் அதே சொல்லால் ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ என்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் ஆறுதலை ஆதாரம் என்று சொல்லி அவனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கே யாராவது ஒரு அகராதியைக் காட்டினால் அவன் மறுபடி மாடிக்குப் போய்த் தனியாக உட்காருவான்.

மூன்றாவது யூதர்களிடமிருந்து. 2006 டிசம்பர் 6-ல் அமெரிக்காவில் ‘கன்சர்வேடிவ்’ என்ற பெயருள்ள யூதப் பிரிவின் சட்டக் குழு இதை ஓட்டுக்கு விட்டது. எலியட் டார்ஃப், டேனியல் நெவின்ஸ், ஆவ்ராம் ரைஸ்னர் என்ற மூன்று ரபிகள் (யூத மத குருக்கள்) கொடுத்த தீர்ப்பு இது: மோசேயின் சட்டநூலான தோரா நேராகத் தடுக்கும் ஒரு செயல், அதாவது ஆண்களுக்கிடையிலான குதப்புணர்ச்சி, அது தடையாகவே இருக்கட்டும், அதைச் சுற்றிப் பிற்கால ரபிகள் போட்ட வேலிகளை மனித மாண்பை முன்னிட்டு எடுத்துவிடலாம். மனித மாண்பு அவ்வளவு பெரிது என்று பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதே சொல்கிறது என்பது அவர்கள் பிடி. பழைய தடை அப்படியே நிற்கட்டும் என்ற ஜோயல் ராத்தின் தீர்ப்புக்கும் இதற்கும் ஆளுக்குப் 13 ஓட்டு, இரண்டுமே செல்லும் என்று ஆனது. நான்கு பேர் குழுவை விட்டு விலகினார்கள். மறு வருஷமே அந்த மரபின் இறையியல் கல்லூரி தன்பாலீர்ப்பு மாணவர்களை ரபி படிப்புக்குச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது.

நம்மவர்கள் இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் உபாகமம் 21-ஐத் தல்மூத் ரபிகள் ஒரு எழுத்தும் அழிக்காமல், நிபந்தனை மேல் நிபந்தனையாக அடுக்கி, அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப் போவதுமில்லை என்று சொல்லுமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேதத்தின் மேல் பயபக்தியும் பிள்ளையின் மேல் பாசமும் ஒன்றாக இருந்தால்தான் அப்படி வாசிக்க வரும். 2006 தீர்ப்பில் எனக்கு இருக்கும் ஒரே குறை, அது படுக்கையறைக்குள் ஒரு கோடு போட்டு அங்கேயே நின்றுவிட்டது.

நான்காவது பதில் ஒளிவுமறைவே இல்லாதது: ஆமாம், வசனம் தடுக்கிறது, நாம் அதைத் தாண்டிப் போகிறோம், தாண்டுவதற்கான உரிமையும் இதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் லூக் திமொத்தி ஜான்சன் 2007-ல் இதை இப்படித்தான் வெளிப்படையாக எழுதினார். அவருக்குப் பிடி அப்போஸ்தலர் 10, 15. புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணாமல் உள்ளே வரலாமா என்று கேட்டால், கையில் இருந்த வேதம் கூடாது என்றுதான் சொன்னது. ஆனால் புறஜாதியானான கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைப் பேதுரு கண்ணால் பார்த்தார். பார்த்ததை வைத்துத்தான் எருசலேமில் முடிவெடுத்தார்கள். ரிச்சர்ட் ஹேய்ஸ் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் 1996-ல் தன்பாலுறவுக்கு எதிராக எழுதியதை ஒரு தலைமுறையே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தது. 2024-ல் தன் மகனோடு சேர்ந்து அதை மாற்றி எழுதினார். பழைய வசனங்களுக்குப் புதுப் பொருள் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, தேவ இரக்கம் விரிந்துகொண்டே போவதை வேதம் முழுக்கப் பார்க்கிறேன் என்றார்.

இதிலும் ஆபத்து உண்டு. அனுபவம் என்று சொல்லி யாரும் எதையும் நியாயப்படுத்தலாம். ஆனால் அடிமைகளை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்ற லேவியராகமம் 25:44-46-ஐ நாம் எந்த வழியில் தாண்டினோமோ, அதே வழிதான் இது. அதில் யாரும் இன்றைக்குத் திரும்பிப் போகச் சொல்வதில்லை.

ஆகவே நான் நான்காவதில் நிற்கிறேன், மூன்றாவதின் பொறுமையோடு. அவனிடம் போய், “வசனம் அப்படித்தான்டா சொல்லுது, நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவன், சபைக்குட்படக்கூடாது என்கிற உபாகமம் 23:1-ஐயும், அதே அண்ணகனுக்குப் பிள்ளைகளைவிட மேலான பெயரைக் கர்த்தர் தருவார் என்கிற ஏசாயா 56-ஐயும் எடுத்துக் காட்டினேன். அப்போஸ்தலர் 8-ஐ அவனே புரட்டினான். அண்ணகனான எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசிக்கிறார், தண்ணீரைப் பார்த்ததும் நான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று கேட்கிறார். தடை உபாகமத்தில் எழுதியே இருந்தது. அவருக்கு வேதத்தை விளக்கிக்கொண்டிருந்த பிலிப்பு அதை எடுத்துக் காட்டவில்லை; இரண்டு பேருமாகத் தண்ணீரில் இறங்கினார்கள்.

சித்திக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரிந்து என்னிடம் வந்து அழும் நாளில் கிரேக்கச் சொல் எதையும் எடுக்கப் போவதில்லை, இந்த அதிகாரத்தைத்தான் அவளோடு உட்கார்ந்து வாசிப்பேன்.