மாலத்தீவு, இலங்கை, புக்கெட்: கொரோனாக் காலத்தில் கதவு திறந்த மூன்று விதம்

2021-ல் மாலத்தீவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 13.2 லட்சம் பேர். அதே ஆண்டில், புக்கெட் தீவு இருக்கும் தாய்லாந்து முழுவதற்கும் வந்தவர்கள் சுமார் 4.28 லட்சம் பேர்தான். இலங்கைக்கு 1.94 லட்சம் பேர். தொற்றுக்கு முந்தைய 2019-ல் வரிசையே வேறு: தாய்லாந்துக்கு ஏறக்குறைய 4 கோடி, ஈஸ்டர் குண்டுவெடிப்பால் அடிபட்டிருந்தும் இலங்கைக்கு 19 லட்சம், மாலத்தீவுக்கு 17 லட்சம். இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மாலத்தீவுக்கு முதல் பரிசு கொடுத்துவிடுவது எளிது. அப்போது பலரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று இடங்களும் பயணிக்கு விற்ற சரக்கு வேறு. அந்தப் பணம் போய்ச் சேரும் கைகளும் வேறு. அதைப் பார்க்காமல் எது நல்ல வழி என்று சொல்ல முடியாது.

தனிமைப்படுத்தல் இல்லாமல் போய்வர இரண்டு ஊர்களோ நாடுகளோ தமக்குள் பேசி வைத்துக்கொண்ட 'பயணக் குமிழி'யை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் 2020 நவம்பர் 22-ல் விமானம் விடுவதாக அறிவித்து, முந்தைய நாள் நிறுத்தின. 2021 மே மாதம் மறுபடி தேதி குறித்து, மறுபடி தள்ளிப்போட்டு, ஆகஸ்டில் கைகழுவின. ஆஸ்திரேலியா–நியூசிலாந்து குமிழி 2021 ஏப்ரல் 19-ல் தொடங்கியது. ஜூலை 23-ல் நின்றுபோனது. தொற்றே கூடாது என்று இரு தரப்பும் நிற்கும்வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும். டிக்கெட் எடுத்தவரின் நிலை அந்த ஊர்களின் அன்றாடத் தொற்றுக் கணக்கில் தொங்கும். சுற்றுலாவை அதன் மேல் கட்ட முடியாது.

மாலத்தீவு: கடலே காவல்

2020 மார்ச் இறுதியில் மூடிய எல்லையை மாலத்தீவு ஜூலை 15-ல் திறந்தது. உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம் அது. தனிமைப்படுத்தல் இல்லை; முதல் சில வாரங்களுக்குப் பரிசோதனைச் சான்றுகூடக் கேட்கவில்லை. செப்டம்பரில்தான் பிசிஆர் சான்று கட்டாயமானது. பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும் இந்த முடிவுக்குப் பின்னால் 1972-ல் முதல் விடுதி திறந்த நாளிலிருந்து வளர்ந்துவந்த ஓர் ஏற்பாடு இருந்தது: ஒரு தீவு, ஒரு விடுதி. பயணி விமான நிலையத் தீவில் இறங்குகிறார். அங்கிருந்து விசைப்படகு அல்லது கடல் விமானம். தலைநகர் மாலேயின் தெருவை மிதிக்காமலே விடுமுறையை முடித்துத் திரும்பிவிடலாம். தனிமையைத்தான் அந்த நாடு ஐம்பது ஆண்டுகளாக அதிக விலைக்கு விற்றுவந்தது. கொரோனா வந்தபோது அந்தச் சரக்குக்குக் கிராக்கி கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்தியாவின் பங்கு இதில் பெரியது. 2020 ஆகஸ்டில் இரு நாடுகளுக்கும் இடையே சிறப்பு விமான ஏற்பாடு வந்தது. ஐரோப்பாவும் தென்கிழக்கு ஆசியாவும் மூடிக்கிடந்த நிலையில் நம் ஊர் வசதிபடைத்தவர்களுக்கும் திரை நட்சத்திரங்களுக்கும் போக இருந்த சில இடங்களில் ஒன்று மாலத்தீவு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அதிகம் போனவர்கள் இந்தியர்கள்தான். அந்தப் படங்களால் சமூக வலைத்தளங்கள் நீலமாகிக் கிடந்ததைப் பலரும் எரிச்சலோடு நினைவு வைத்திருப்பார்கள்.

சரி, எங்கே இடித்தது? 2021 மே மாதத்தில். தொற்று மாலேயில் பரவி, மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாக மாலத்தீவு மாறியது. தெற்காசியர்களுக்கு விசா நிறுத்தப்பட்டது. மாலே மக்கள் மாலை நான்கு மணிக்கே கதவைச் சாத்த வேண்டியிருந்தது. அதே நாட்டில், படகில் சற்று நேரம் போனால், விடுதித் தீவுகளில் ஐரோப்பியப் பயணிகள் வழக்கம்போலக் கடலில் நீந்திக்கொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடிக்குப் பயணிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏப்ரலில் நடந்த உள்ளாட்சித் தேர்தலையும் ரமலான் கூடல்களையும் அப்போது காரணமாகச் சுட்டினார்கள். ஆனால் கடல் போட்ட வேலி யாரைக் காத்தது என்பது அந்த மாதத்தில் தெளிவாகத் தெரிந்தது. மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதி வைத்திருந்தவர்களுக்கு அனுமதியே 2020 அக்டோபரில்தான் கிடைத்தது. நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் மூடப்பட்டதும் அவர்கள் வாசல்தான்.

இலங்கை: சுற்ற முடியாத சுற்றுலா

இலங்கைக்குப் போகிறவர் ஓர் இடத்தில் தங்கப் போவதில்லை. சிகிரியா, கண்டி, எல்ல, யால, காலி, மிரிஸ்ஸ என்று ஒரு வாரத்தில் நாட்டையே வளைத்துவிட நினைப்பார். வழியில் முச்சக்கரவண்டிக்காரர், வழிகாட்டி, சாலையோரச் சாப்பாட்டுக் கடை, நாலு அறை வைத்திருக்கும் வீட்டு விடுதி என்று பணம் சில்லறையாகச் சிதறும். அதுதான் அந்நாட்டுச் சுற்றுலாவின் பலம்.

2021 ஜனவரி 21-ல் இலங்கை எல்லையைத் திறந்தபோது போட்ட விதிகள் அந்தப் பலத்தை அப்படியே வெட்டின. சான்றிதழ் பெற்ற குறிப்பிட்ட ஹோட்டல்களில்தான் தங்க வேண்டும். பதினான்கு நாள் உள்ளூர் மக்களோடு கலக்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட சில இடங்களை, குறித்த நேரத்தில், குழுவோடு வண்டியில் போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். இறங்கியதும் ஒரு பிசிஆர், நடுவில் இன்னும் ஒன்று இரண்டு. மாலத்தீவின் முறையைத் தூக்கி வந்து பேருந்தில் ஏற்றியது போல இருந்தது. சிறிய விடுதிக்காரர் அந்தப் பட்டியலுக்குள் நுழைவதே கடினம். முச்சக்கரவண்டிக்காரருக்கோ இந்தத் திட்டத்தில் வேலையே இல்லை. நோயிலிருந்து அவரைக் காப்பது நோக்கம் என்றார்கள். அவருடைய வருமானத்திடமிருந்தும் சேர்த்துக் காத்துவிட்டார்கள்.

இதற்கு முன் 2020 டிசம்பர் இறுதியில் உக்ரைன் பயணிகளை மத்தள விமான நிலையத்தில் இறக்கி ஒரு முன்னோட்டம் நடந்தது. (பயணிகள் இல்லாமல் கிடந்ததற்காகவே உலகப் புகழ் பெற்ற அந்த நிலையத்துக்கு அது ஒரு திருவிழா.) சிலருக்குத் தொற்று உறுதியானது, விதிமீறல் புகார்கள் எழுந்தன, திட்டத்தின் பெயர் தொடக்கத்திலேயே கெட்டது. 2021 மே மாதம் பத்து நாள் விமான நிலையங்களையே மூடினார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கு விதிகள் தளர்ந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. 2022 மார்ச்சில் ஒரே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து எரிபொருள் வரிசைகளும் மின்வெட்டும் வந்து சேர்ந்தன. அது வேறு கதை.

புக்கெட்: முதலில் ஊருக்கு ஊசி

தாய்லாந்து முதலில் செய்ததும் கண்டிப்பான வழிதான். 2020 அக்டோபரில் சிறப்பு விசா கொடுத்தது. ஷாங்காயிலிருந்து 39 பேர் வந்து இறங்கினார்கள். பதினான்கு நாள் அறைக்குள் அடைந்து கிடந்த பிறகுதான் வெளியே வரலாம். அதற்காக யார் விடுமுறை எடுப்பார்கள்?

2021 ஜூலை 1-ல் தொடங்கிய 'புக்கெட் சாண்ட்பாக்ஸ்' கேள்வியைத் திருப்பிப் போட்டது. வருகிறவரை எப்படி அடைத்து வைப்பது என்று யோசிப்பதற்கு முன், ஊரில் இருப்பவரில் பத்தில் ஏழு பேருக்காவது தடுப்பூசி போட்டுவிடுவது என்று இலக்கு வைத்தார்கள். தடுப்பூசி போட்ட பயணி நேரே தீவில் இறங்கலாம். முதல் பரிசோதனை முடிவு வந்ததும் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் தன் விருப்பப்படி போகலாம். பதினான்கு இரவு தீவை விட்டு வெளியேறக் கூடாது, அவ்வளவுதான். புக்கெட்டைப் பெருநிலத்தோடு இணைப்பது பாலம் என்பதால் காவல் வைப்பதும் எளிது. ஹோட்டல் முதலாளியோடு வாடகை வண்டிக்காரரும் நூடுல்ஸ் கடைக்காரரும் ஓரளவாவது பிழைக்க வழியிருந்த ஒரே திட்டம் இந்த மூன்றில் இதுதான்.

குறைகளும் சிறியவை அல்ல. ஒரு லட்சம் டாலர் காப்பீடு, மூன்று பிசிஆர் செலவு, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொற்று என்றால் நமக்கும் அறைவாசம். புக்கெட்டின் பாடோங் கடற்கரை மதுக்கூடங்கள் பூட்டியே கிடந்தன. மூன்று மாதத்தில் ஒரு லட்சம் பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகஸ்டில் தொற்று ஏறியபோது உள்நாட்டுப் பயணிகளைத் தீவுக்குள் விடாமல் தடுத்தார்கள். வெளிநாட்டார் வரலாம், பேங்காக் ஊர்க்காரர் வரக் கூடாது என்ற விநோத நிலை. ஆனாலும் திட்டத்தை இடையில் நிறுத்தவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நவம்பரில் வந்த 'டெஸ்ட் அண்ட் கோ', அதாவது பரிசோதனை முடிவு வந்ததும் எங்கும் போகலாம் என்ற திட்டம், இன்னும் எளிய வழிதான். ஆனால் ஓமைக்ரான் வந்ததும் டிசம்பரில் அதற்குப் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். சாண்ட்பாக்ஸ் வழி அப்போதும் திறந்திருந்தது. மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்கிறவருக்குக் கடுமையான விதி பரவாயில்லை, மாறிக்கொண்டே இருக்கும் விதிதான் ஆகாது.

எதை யார் எடுக்கலாம்?

தனித் தீவு விடுதிகள் இருந்தால் மாலத்தீவு வழி. அப்படிப்பட்ட நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இலங்கை மாதிரி, ஏன் கோவா, கேரளம் மாதிரி இடங்களுக்கும் நான் புக்கெட்டையே சொல்வேன். காலியிலிருந்து மிரிஸ்ஸ வரையிலான தென்கரையை ஒரு பகுதியாக வரையறுத்து, அங்கே பயணிகளோடு புழங்கும் எல்லோருக்கும் முதலில் ஊசி போட்டுத் திறந்திருந்தால் 1.94 லட்சம் என்ற எண் கொஞ்சமாவது மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. புக்கெட் திறந்த நாளில் தாய்லாந்து மொத்தத்தில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள் ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பேங்காக்கில் மருத்துவமனைப் படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு. இலங்கை தன் ஊசிகளைத் கொழும்பு அடங்கிய, தொற்று அதிகமிருந்த மேல் மாகாணத்துக்கு முதலில் கொடுத்தது. உயிரை மட்டும் கணக்கிட்டால் அதுவே சரி. தென்கரை ஓட்டுநருக்கு முன்னுரிமை என்று யாராவது அறிவித்திருந்தால், ஊசிக்குக் காத்திருந்த கொழும்பு முதியவரின் பிள்ளைகளுக்கு அந்த அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.