காரைக்குடி பழம்பொருள் கடையில் இசைப் பொம்மை: அடிப்பலகையைக் கழற்றிப் பாருங்கள்

முனீஸ்வரன் கோவில் தெருவில், மரத்தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் அடுக்கிய ஒரு கடையின் உள் அலமாரியில் சாவி கொடுத்தால் சுழன்றாடும் இசைப் பொம்மைகள் இருக்கின்றன. முகப்பூச்சு அருமை. விலை பேசுவதை மட்டும் அடிப்பலகையைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கடைக்காரரே திருப்புளி தருகிறார்; அந்த நேர்மை பெரிது.

உள்ளே பித்தளை உருளை, அதில் மயிரிழை ஊசிகள், எதிரே அந்த ஊசிகள் மீட்டி ஒலி எழுப்பும் எஃகுச் சீப்பு. 1796இல் ஜெனீவாவின் அந்துவான் ஃபாவ்ர் தொடங்கிவைத்த முறை. டார்ச் அடித்துப் பற்களை எண்ணுங்கள்; சிறிய பெட்டியில் பெரும்பாலும் 18. ஒரு பல் போனாலும் அது ஒலிக்க வேண்டிய இடமெல்லாம் மௌனம்தான். பற்கள் வரிசையாக ஒடிந்து ஊசிகளும் சாய்ந்திருந்தால், ஸ்பிரிங் முறுக்கோடு இருக்கும்போதே யாரோ வேகத்தை அடக்கும் விசிறியைக் கழற்றியிருக்கக்கூடும். அப்போது உருளை தறிகெட்டு ஓடிவிடும். அப்படிப்பட்ட பொம்மையை வாங்காதீர்கள்.

பாட்டு வந்தும் பொம்மை அசையவில்லையா? பெரும்பாலும் பொம்மையைச் சுழற்றும் தண்டின் திருகு தளர்ந்திருக்கும், இறுக்கினால் போதும். பாட்டு இழுத்தால் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். துடைத்துவிட்டு, விசிறித் தண்டின் முனையில் ஊசிமுனையளவு கடிகார எண்ணெய் வையுங்கள். சீப்பில் படவே கூடாது. இந்தக் கடையில் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். அது தூசியைச் சேர்த்து இறுகிவிடும், உடனே நிறுத்த வேண்டும்.