சோப்புக் கரைசலா, வேப்பெண்ணெயா, இஞ்சி பூண்டு மிளகாயா?

செடிகளைத் தாக்கும் பூச்சிகளுக்கு வீட்டிலேயே தயாரிக்கும் தெளிப்புகளில் அதிகம் பேசப்படுபவை மூன்று: சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய்க் கரைசல், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல். மூன்றையும் மாற்றி மாற்றித் தெளித்துப் பார்த்த பிறகு, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி போன்ற சாறு உறிஞ்சிகளுக்குச் சோப்புக் கரைசலையே முதல் மருந்தாக வைத்துக்கொண்டிருக்கிறேன். வேம்பின் பெருமையைக் கேட்டே வளர்ந்த எனக்கு இந்த முடிவுக்கு வர இரண்டு பருவங்கள் ஆயின. என் தோட்டம் நாற்பது தொட்டிகளுக்குள் அடங்கிவிடும் என்பதால், பெரிய பரப்பில் பயிர் செய்வோருக்கும் இதுவே சரி என்று நான் வாதாட மாட்டேன்.

மூன்றையும் வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும், மழை வரும் நாளில் தெளிப்பது வீண் என்பவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. வேறுபாடு அவை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. சோப்பில் உள்ள கொழுப்பு அமில உப்புகள் மென்மையான உடல் கொண்ட பூச்சியின் மெழுகுப் படலத்தை நீக்கி, செல் சவ்வுகளைச் சிதைக்கின்றன. உடலின் ஈரம் வெளியேறிப் பூச்சி காய்ந்து போகிறது. ஆனால் கரைசல் ஈரமாக இருக்கும் வரையில்தான் இந்த வீரியம். இலையில் காய்ந்துவிட்டால் அதற்குப் பிறகு வந்து உட்காரும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது.

வேப்பெண்ணெயின் வழி வேறு. வேப்ப விதையிலிருந்து 1968-ல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பொருள், இலையைத் தின்னும் விருப்பத்தைக் குறைப்பதோடு, இளம்பூச்சி தோலுரித்து வளர்வதற்கான ஹார்மோன் செயல்பாட்டையும் குலைக்கிறது. ஆகவே தெளித்த மறுநாள் பூச்சிகள் உயிரோடு இருப்பதைக் கண்டு மருந்து பொய்த்துவிட்டது என்று எண்ணுவது தவறு. பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். இலையில் அதன் தாக்கம் சில நாட்கள் நீடிப்பதும் சோப்புக்கு இல்லாத சிறப்புதான். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலோ, அதன் நெடியாலும் காரத்தாலும் பூச்சியை விலக்கி வைக்கிறது. ஏற்கெனவே கொழுந்தில் அப்பிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அது அகற்றியதாக என் செடிகளில் நான் கண்டதில்லை. அரைக்கும்போதும் வடிகட்டும்போதும் கையும் கண்ணும் எரிவது தனித் துன்பம்.

இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது முதல் தெளிப்பின் வீரியம் அன்று, இரண்டாவது, மூன்றாவது தெளிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. மிளகாய்ச் செடியின் ஓர் இலையைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோதுதான் இது எனக்கு விளங்கியது. முந்தைய நாள் தெளித்த சோப்புக் கரைசலில் அசுவினிகள் பழுப்பாகச் சுருங்கி நரம்பின் ஓரமாக ஒட்டிக் கிடந்தன. அவற்றினிடையே வெள்ளையாகத் தெரிந்தவை பூச்சிகள் அல்ல, அவை வளரும்போது உரித்துப்போட்ட தோல்கள். ஆனால் சுருண்டிருந்த இலை நுனியைப் பிரித்தபோது, கரைசல் எட்டாத அந்த மடிப்புக்குள் ஐந்தாறு அசுவினிகள் நனையாமல் அப்படியே இருந்தன. வெப்பமான பருவத்தில் பெண் அசுவினி ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். அந்தக் குஞ்சு ஏழெட்டு நாட்களில் தானும் ஈனத் தொடங்கிவிடும். வெள்ளை ஈயின் முட்டைகளும், மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் கிடக்கும் முட்டைகளும் முதல் தெளிப்பிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எனவே ஐந்து அல்லது ஆறு நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை தெளிக்காமல் எந்தக் கரைசலும் முழுப் பயன் தருவதில்லை.

இங்கேதான் தயாரிக்கும் சிரமம் முக்கியமாகிறது. வேப்பெண்ணெய் தண்ணீரோடு தானாகக் கலக்காது. ஒரு லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெயை முதலில் சிறிது சோப்போடு நன்றாகக் குழைத்து, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பால்போல ஆக்கி, அதன் பிறகே மீதி நீரை ஊற்ற வேண்டும். தெளிக்கும்போதும் இடையிடையே குலுக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கப்படும் இலைகள் மட்டும் கருகிப்போகும். கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும், அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. குளிர்ந்த நாட்களில் எண்ணெய் உறைந்து, புட்டியை வெந்நீரில் வைத்து இளக்க வேண்டியும் வரும். நான் முதல் தெளிப்பை ஆர்வத்தோடு செய்து, இரண்டாவதைத் தள்ளிப்போட்டு, மூன்றாவதை விட்டே விட்டதற்கு இந்தச் சிரமமே காரணம். அரைத்து, ஊறவைத்து, துணியில் வடிகட்டிய பிறகும் தெளிப்பானின் வாயை அடைக்கும் மிளகாய்க் கரைசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோப்புக் கரைசலுக்கு ஒரு லிட்டர் நீரும் 10 மி.லி. திரவச் சோப்பும் போதும், கலக்க இரண்டு நிமிடம் ஆகும். தவறாமல் மூன்று முறை தெளிக்க என்னால் முடிந்தது இதை மட்டுமே.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. துணி துவைக்கும் தூளும், பாத்திரம் கழுவும் திரவமும் பெரும்பாலும் சோப்பே அல்ல, செயற்கைச் சலவைப் பொருள்கள். அவை இலையின் மெழுகையும் அரித்துவிடும். நிறமும் மணமும் சேர்க்காத உண்மையான சோப்பே வேண்டும், பொட்டாசியம் சோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அளவை லிட்டருக்கு 20 மி.லி.க்கு மேல் கூட்டக் கூடாது. நீர் கடினமானதாக இருந்தால் சோப்பு திரிதிரியாகப் பிரிந்து வீரியம் இழக்கும் என்பதால், அத்தகைய இடங்களில் மழைநீரைப் பயன்படுத்துவது நல்லது. எந்தச் செடியானாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்த பிறகு முழுச் செடிக்கும் தெளிக்கலாம். இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும், சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். மாவுப்பூச்சிக்குத் தெளிப்பு மட்டும் போதாது. பழைய பல் துலக்கியைக் கரைசலில் நனைத்து அந்தப் பஞ்சைத் தேய்த்து நீக்கிய பிறகு தெளித்தால்தான் பிடி கிடைக்கும்.

காய்ந்ததும் வீரியம் போய்விடுவதைச் சோப்பின் குறையாக முன்பு நினைத்திருந்தேன். இப்போது அதையே நன்மையாகக் கருதுகிறேன். அசுவினிகளைத் தின்ன வரும் பொறிவண்டின் புழுக்கள் கரைசலில் நேரடியாக நனைந்தால் அவையும் சாகும் என்பது உண்மைதான். ஆகவே தெளிப்பதற்கு முன் அவை இருக்கும் கிளையை விட்டுவிடுகிறேன். கரைசல் காய்ந்த பிறகு இலைக்கு வரும் பொறிவண்டுக்கும் தேனீக்கும் அதனால் தீங்கில்லை.

இலையைக் கடித்துத் தின்னும் கம்பளிப்பூச்சிகளுக்கும் பச்சைப் புழுக்களுக்கும் சோப்பு உதவாது, அங்கே வேப்பெண்ணெய்க்குத்தான் இடம். என் தோட்டத்தில் புழுத் தொல்லை குறைவு என்பதால், கையால் பொறுக்கி எடுத்தது போக மீதிக்கே அதைத் தெளித்திருக்கிறேன். அப்போது கண்ட இரண்டைச் சொல்லலாம்: புழுக்கள் சிறியவையாக இருக்கும்போது தெளித்தால் மட்டுமே பலன் தெரிந்தது, அசாடிராக்டின் பெரிதும் நீக்கப்பட்ட, சுத்திகரித்த எண்ணெயைவிடச் செக்கில் ஆட்டிய எண்ணெயே வேலை செய்தது.